வாட்ஸப் நம்பர் கேட்டா தர மாட்டாவ: பாளையில ஒரு ஜெராக்ஸ் கடை

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பாளையில ஒரு கடையில மகளோட மார்க் ஷீட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துட்டு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன். கடைப்பையன் பக்கத்துல கெடந்த பேப்பர ரெண்டா கிழிச்சு 14 பெருக்கல் 2, 28ன்னு எழுதி நீட்டுனான். வீட்ல வந்து பைய கவுத்து கொட்டும்போது அந்த துண்டு திரும்பி விழுந்துச்சு, பாத்தா பின்னாடி யாரோ ஒரு அம்மாவோட பான் கார்டு. பேரு, அவிய அப்பா பேரு, பொறந்த தேதி, கையெழுத்து எல்லாம் பளிச்சுனு தெரியுது. கொஞ்சம் கோணலா விழுந்த காப்பி போல, அதனால ரஃப் பேப்பர் ஆயிருச்சு. எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா அன்னைக்கு எனக்கு எடுத்ததுலயும் ரெண்டு காப்பி கோணலாத்தான் விழுந்துச்சு, அத அவன் ஓரமா தூக்கி போட்டத நானே பாத்தேன். அது யாரு வீட்டு பில்லுக்கு பின்னாடி போச்சோ.

இப்ப நான் ரிவ்யூ எழுதப்போறது அந்த கடையப் பத்தி இல்ல, அந்த சவத்த விடுங்க. அதுக்கு பொறவு நான் தேடி கண்டுபிடிச்ச இன்னொரு கடையப் பத்தி. ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் ரிவ்யூவா, இவளுக்கு வேற சோலி இல்லையான்னு நினைப்பீய. காலேஜும் ஸ்கூலும் ஆபீஸும் நெறஞ்ச ஊருல்லா நம்ம பாளை, வருசத்துக்கு எத்தன தடவ ஆதார தூக்கிட்டு ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கோம்னு எண்ணிப் பாருங்க, நெல்லையப்பர் கோயிலுக்கு கூட அத்தன தடவ போயிருக்க மாட்டோம்.

கடைப் பேர போடல. அண்ணாச்சியே வேண்டாம்னு சொல்லிட்டாவ. "பேர போட்டா கூட்டம் வரும் தங்கச்சி, கூட்டம் வந்தா ஒவ்வொண்ணா அழிக்க எனக்கு நேரம் இருக்காது, பொறவு நானும் மத்தவன மாதிரி ஆயிருவேன்"ன்னாவ. முருகன்குறிச்சில இருந்து சமாதானபுரம் போற வழியில, ஒரு சந்துக்குள்ள, இதுக்கு மேல சொல்ல மாட்டேன். தேடுற ஆளு கண்டுபிடிச்சிருவிய, ஏன்னா வாசல்லயே பெருசா எழுதி ஒட்டிருக்காவ, "இங்கு வாட்ஸப்பில் வாங்கப்படாது. கேபிள், பென்டிரைவ், இமெயில் மட்டும்."

முதல்ல அத பாத்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. ஊரே வாட்ஸப்ல அனுப்பி பிரிண்ட் எடுக்கு, இவிய என்ன பெரிய இவியளான்னு. பக்கத்து வீட்டு டீச்சர்தான் கூட்டிட்டு போனாவ, அவிய சொல்லியும் எனக்கு பாதி நம்பிக்கைதான். ஆனா எனக்குன்னு ஒரு பழைய காயம் இருக்கு, அத சொன்னாத்தான் இந்த போர்டோட அருமை வெளங்கும்.

மக பிளஸ் டூ முடிச்சு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணும்போது வேற ஒரு கடைக்கு போனோம். "வாட்ஸப்ல அனுப்புங்கக்கா, ஒடனே எடுத்து தாரேன்"ன்னான், நல்லா மரியாதையான பையன்தான், மகளும் அவ போன்ல இருந்தே தட்டி விட்டுட்டா. அந்த ஒரு நிமிசத்துல அவன் கைக்கு என்னெல்லாம் போச்சுன்னு யோசிச்சு பாருங்க. புள்ளையோட பேரு, பொறந்த தேதி, அப்பா பேரு, சாதி சர்டிபிகேட், வருமான சர்டிபிகேட், வீட்டு அட்ரஸு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதுக்கு மேல அவ சொந்த நம்பரு, அந்த நம்பர்ல டிபியா அவ மூஞ்சி. ஒரு ஆள கல்யாணம் பேசி முடிக்கையில கூட இவ்வளவு விவரம் கைமாறாது. அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு "ஹாய் சிஸ்"ன்னு ஒரு மெசேஜ், வேற ஏதோ நம்பர்ல இருந்து. கடைக்காரன் அனுப்புனான்னு நான் அடிச்சு சொல்ல முடியாது, அந்த கடை சிஸ்டத்துல வாட்ஸப் நாள் பூரா திறந்தே கெடந்துச்சு, டீ குடிக்க வந்தவன் கூட எட்டிப் பாத்திருக்கலாம். புள்ள ரெண்டு நாளு சரியா சாப்பிடல. அவிய அப்பா கடைக்கு போயி சத்தம் போடப் போறேன்னு நின்னாவ, என்னன்னு சொல்லி சத்தம் போட, ஆதாரம் என்ன இருக்கு? நம்பர பிளாக் பண்ணிட்டு, டிபிய கான்டாக்ட்ல உள்ளவங்களுக்கு மட்டும்னு மாத்தி விட்டோம், அவ்வளவுதான் முடிஞ்சுது.

அப்ப நான் கெட்டிக்காரத்தனமா நெனச்சேன், அனுப்புன ஃபைல எல்லாருக்கும் டெலீட்னு குடுத்துட்டா போச்சுன்னு. இந்த அண்ணாச்சிதான் பின்னாடி சிரிச்சாவ. அது அனுப்பி ரெண்டு நாளு சொச்சத்துக்குள்ள குடுத்தாத்தான் வேலை செய்யுமாம், அப்பவும் சாட்ல இருந்துதான் போவும், கடை கம்ப்யூட்டர்ல டவுன்லோட் ஆனது டவுன்லோட் ஆனதுதான், அது பாட்டுக்கு அந்த ஃபோல்டர்ல கெடக்கும். பிரிண்ட் எடுக்கணும்னா டவுன்லோட் பண்ணாம முடியாது பாருங்க. எத்தனயோ கடையில அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டர திறந்தா பாளையங்கோட்டை வாக்காளர் பட்டியலே உள்ள கெடக்கும்.

சரி, இப்ப கடைக்கு வாரேன். பத்துக்கு பத்து கூட இருக்காது. ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், அண்ணாச்சி உக்காந்திருக்க சிஸ்டம் ஒண்ணு, ஆளுங்க உக்காந்து பாக்க ரெண்டு சிஸ்டம். கல்லா மேல பேப்பர் பறக்காம இருக்க வெயிட்டா ஒரு இரும்பு டப்பா மாதிரி வச்சிருக்காவ, என்னன்னு கேட்டா பழைய ஜெராக்ஸ் மெஷின்ல இருந்து கழட்டுன ஹார்ட் டிஸ்க்காம். எனக்கு இது அன்னைக்குத்தான் தெரியும், பெரிய டிஜிட்டல் மெஷின் பலதுக்குள்ள கம்ப்யூட்டர்ல இருக்க மாதிரியே ஹார்ட் டிஸ்க் இருக்குமாம், எடுத்த காப்பியோட படம் அதுல தங்குமாம், மெஷின செகண்ட் ஹேண்ட்ல தள்ளி விடும்போது ஊர்ல உள்ளவன் ஆதாரும் சேந்து விலை போயிரும். இவிய மெஷின விக்கும்போது அத கழட்டி வச்சுக்கிட்டாவ, வாங்க வந்தவன் ஆயிரம் ரூபா குறைச்சு கேட்டானாம், குடுத்துட்டாவ. ஆயிரம் ரூபாய்க்கு பேப்பர் வெயிட்டு வச்சிருக்க ஒரே ஆளு நான்தான்னு சொல்லி சிரிக்காவ.

வேலை செய்யுற விதம் எப்படின்னா, போன கேபிள்ல மாட்ட சொல்லுவாவ, உங்களையே ஃபைல தேடி எடுத்து டெஸ்க்டாப்ல "இன்னைக்கு"ன்னு பேரு போட்ட ஃபோல்டர்ல போட சொல்லுவாவ. ஸ்க்ரீன உங்க பக்கமும் தெரியுற மாதிரி திருப்பி வச்சிருக்காவ. பிரிண்ட் வந்ததும் காச வாங்க மாட்டாவ, முதல்ல அந்த ஃபைல ஷிஃப்ட் டெலீட் குடுத்து "பாத்துக்கிட்டீயளா, போச்சு"ன்னு காட்டிட்டுத்தான் காசு. வெறும் டெலீட் குடுத்தா ரீசைக்கிள் பின்ல போயி உக்காந்துக்கும், இது அதுக்கும் போவாது. ஆனா அண்ணாச்சி ஒளிக்காம சொல்லுவாவ, ஷிஃப்ட் டெலீட்டும் முழுசா அழிச்சதுன்னு அர்த்தம் இல்ல, அந்த இடத்துல புதுசா ஒண்ணு வந்து எழுதுற வரைக்கும் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா தோண்டி எடுத்துரலாம், அதனால வாராவாரம் ஞாயித்துக்கிழமை உக்காந்து காலி இடத்த பூரா தொடச்சு விடுத சாஃப்ட்வேர் ஒண்ண ஓட்டுவாவளாம். ஞாயிறு கடை லீவு, ஷட்டர் பாதி எறக்கி உள்ள வெளிச்சம் தெரிஞ்சா இதுதான் நடக்குன்னு வச்சுக்கோங்க.

கோணலா விழுந்த காப்பிய என்ன செய்யுதாவன்னுதான் நான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டு பாத்தேன். கீழ ஒரு சின்ன மெஷின் இருக்கு, பேப்பர வாங்கி நூடுல்ஸ் மாதிரி கிழிச்சு தள்ளுது. அந்த நூடுல்ஸ சாக்குல கட்டி வச்சிருப்பாவ, முட்டைக்கடைக்காரர் வந்து அட்டைக்கு நடுவுல வைக்க வாங்கிட்டு போறாரு. நம்ம ஆதாரு முட்டை உடையாம இருக்க ஒதவுது, அது வரைக்கும் எனக்கு சந்தோசம்.

ஆதார் எடுக்க வந்தா ஒரு கேள்வி கேப்பாவ, "எதுக்கும்மா?" எனக்கு முதல் தடவ சுருக்குன்னு இருந்துச்சு, உமக்கு எதுக்குவே அதெல்லாம்னு வாய் வரைக்கும் வந்துட்டு. ஆனா அவிய கேக்கதுக்கு காரணம் இருக்கு. லாட்ஜுல ரூம் போட, வாடகை வீட்டுக்காரருக்கு குடுக்க, கூரியர் ஆபீஸுக்குன்னா முழு நம்பர் தேவையே இல்ல, மாஸ்க்டு ஆதார் போதும். அதுல முத எட்டு நம்பரு மறைஞ்சு கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும். ஆதாரோட சொந்த தளத்துலயே டவுன்லோட் பண்ணும்போது மாஸ்க் பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், நாமதான் கண்ண மூடிட்டு தாண்டி போயிருதோம். அண்ணாச்சி அத ஒரு தடவ சொல்லி குடுத்தாவ, இப்ப என் போன்ல எல்லாருக்கும் மாஸ்க் பண்ணது ஒண்ணு இருக்கு, முழுசு வீட்டு பீரோல இருக்கு. முழுசா குடுத்தே ஆவணும்னா, காப்பி மேல குறுக்க பேனாவால "வீட்டு வாடகைக்கு மட்டும்"னு எழுதி தேதி போட சொல்லுவாவ, மூஞ்சியும் நம்பரும் மேல எழுத்து ஏறுற மாதிரி. ஓரத்துல எழுதுனா ஓரத்த மறைச்சுட்டு இன்னொரு காப்பி எடுத்துருவான்லா.

ஆதார டவுன்லோட் பண்ணா வார பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு இருக்கே, பயமென்னன்னு நானும் ஒரு தடவ பேசுனேன். அவிய திருப்பி கேட்டாவ, பாஸ்வேர்டு என்னதுன்னு. பேரோட முத நாலு எழுத்து, பொறந்த வருசம். அவ்வளவுதான், எல்லாருக்கும் இதே பார்முலா. என் பேரும் வயசும் தெரிஞ்ச சொந்தக்காரங்க எத்தன பேரு? வாசல்ல பூட்டு தொங்குது, சாவிய மேல நிலையில வச்சிருக்கோம்னு தெருவுக்கே தெரியும், அந்த கதைதான்.

இவ்வளவு பேசுதாவளே இவியளுக்கு இது எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். 2022 மே மாசம் 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தோட பெங்களூரு ஆபீஸ்ல இருந்து ஒரு எச்சரிக்கை வந்துச்சாம், ஆதார் ஜெராக்ஸ கண்டவங்கட்ட குடுக்காதீங்க, மாஸ்க்டு குடுங்க, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல ஆதார டவுன்லோட் பண்ணாதீங்க, பண்ணா எல்லாத்தையும் அழிச்சிட்டு போங்கன்னு. ஊரே பரபரப்பாச்சு, ரெண்டே நாள்ல, 29ஆம் தேதி, அத தப்பா புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லி வாபஸ் வாங்கிட்டாவ, வழக்கமான கவனத்தோட இருந்தா போதும்னு அறிவிச்சாவ. எனக்கு கூட அது ஞாபகம் இருக்கு, வாபஸ் வாங்குனதும் மறந்துட்டோம். அண்ணாச்சி மறக்கல. "அவிய வாபஸ் வாங்கிட்டாவ தங்கச்சி, என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் வாபஸ் வாங்கலியே, அன்னைக்கு திறந்து பாத்தா ஆயிரத்துக்கு மேல கெடந்துச்சு"ன்னாவ. அன்னைக்குத்தான் வாட்ஸப்ப நிறுத்துனாவளாம். பாதி வாடிக்க போயிருச்சு.

பிரவுசிங் பண்ண உக்காந்தா நோட்டுல பேரு, நம்பரு, நேரம் எழுதணும், அடையாள அட்டை காட்டணும். இங்க நான் மடக்கிட்டேன்னு நெனச்சேன், "எல்லார் விவரத்தையும் அழிக்கேன்னு சொல்லிட்டு நீங்களே எழுதி வாங்குதீயளே?" 2011ல வந்த சைபர் கஃபே விதிப்படி யாரு வந்தாலும் அடையாளம் பாத்து பதிவேட்டுல எழுதணுமாம், அத குறைஞ்சது ஒரு வருசம் வச்சிருக்கணுமாம். கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல ஒசரமா இருக்கக் கூடாதுன்னு கூட அதுல இருக்காம், அதான் அந்த தடுப்பு பாதியிலயே நிக்கு, காசு பத்தலைன்னு நான் நெனச்சிருந்தேன். ஆனா ஒரு வித்தியாசம். மத்த எடத்துல அந்த நோட்டு வாசல்ல நூல்ல கட்டி தொங்கும், எனக்கு முன்னாடி எழுதுன புள்ள பேரும் நம்பரும் நான் படிக்கலாம், எனக்கு பின்னாடி வாரவன் என்னோடத படிக்கலாம். இங்க அவியளே எழுதி டிராயர்ல வச்சு பூட்டிருவாவ.

பேங்க் வேலைய மட்டும் அவிய சிஸ்டத்துல பண்ண விட மாட்டாவ. சொந்த கடை சிஸ்டத்தயே நம்பாதன்னு சொல்ற கடைக்காரர நான் இப்பத்தான் பாக்கேன். எவனாவது பென்டிரைவ்ல எதையாவது ஏத்தி விட்டு, நாம தட்டுற எழுத்தெல்லாம் சேத்து வைக்க ஒண்ணு உள்ள உக்காந்திருந்தா எனக்கே தெரியாது, பேங்க உங்க போன்ல பாருங்கன்னு சொல்லிருவாவ. மத்த லாகினுக்கு இன்காக்னிட்டோ விண்டோ திறந்து குடுப்பாவ, அத மூடுனா ஹிஸ்டரியும் லாகினும் தங்காது, டவுன்லோட் பண்ணது மட்டும் தங்கும், அத அழிச்சிட்டு எந்திரிங்கம்பாவ. பாஸ்வேர்டு தட்டும்போது அவிய எந்திரிச்சு வெளிய போயி நிக்குறது கொஞ்சம் ஓவராத்தான் இருக்கும்.

இன்னொரு விசயம் எனக்கு ரொம்ப புடிச்சது, சைஸ் குறைக்குறது. டிஎன்பிஎஸ்சிக்கு போட்டோ 50 கேபிக்குள்ள வேணும், கையெழுத்து அதுக்கும் கொறவா வேணும், நாம என்ன செய்யுதோம், கூகுள்ல தட்டி மேல எது வருதோ அந்த சைட்ல மார்க் ஷீட்டு, சாதி சர்டிபிகேட், கையெழுத்து எல்லாத்தையும் ஏத்தி சின்னதாக்கி எறக்குதோம். அந்த சைட்டு எந்த ஊர்ல இருக்கு, ஏத்துனத அவன் என்ன பண்ணுதான், யாருக்கு தெரியும்? அண்ணாச்சி நெட்டே இல்லாம சிஸ்டத்துக்குள்ளயே குறைக்க சாஃப்ட்வேர் வச்சிருக்காவ. போட்டோ நல்லா தெளிவாவும் வருது.

இப்ப அந்த கல்யாணப் பத்திரிகை கதைய சொல்லலைன்னா எனக்கு சாப்பாடு எறங்காது. நான் வரிசையில நிக்கேன், எனக்கு முன்னாடி ஒரு பெரியவர், பேட்டைல இருந்து வாராராம். "தம்பி, இந்த பத்திரிகைய ஒரு பிரிண்டு போடு, வாட்ஸப்ல வந்துச்சு, திறக்க மாட்டேங்கு"ன்னு போன நீட்டுனாரு. அண்ணாச்சி கேபிள மாட்டப் போனவிய அப்படியே நின்னுட்டாவ. ஃபைல் பேரு என்னமோ கல்யாணப் பத்திரிகைன்னுதான் இருக்கு, கடைசில டாட் ஏபிகேன்னு முடியுது. பத்திரிகைன்னா படமா இருக்கும், இல்ல பிடிஎஃப்பா இருக்கும், ஏபிகேன்னா அது ஆப்பு. எல்லா அர்த்தத்துலயும் ஆப்பு. "ஐயா, இத தட்டுனீயளா?" "தட்டுனேன்லா, என்னமோ செட்டிங்ஸ மாத்து, அனுமதி குடுன்னு கேட்டுச்சு, எனக்கு புரியல, அதான் இங்க வந்தேன்." புரியாம போனதுதான் அவர காப்பாத்திருக்கு. புரிஞ்ச ஆளா இருந்தா அனுமதி குடுத்திருப்பாரு, அது மெசேஜ படிக்க உரிமை கேக்கும், அதையும் குடுத்தா பேங்க்ல இருந்து வார ஓடிபி எல்லாம் எங்கயோ இருக்க ஒருத்தனுக்கு போயிரும், அவர் போன்ல உள்ள அத்தன பேருக்கும் அவர் பேர்லயே அந்த பத்திரிகையும் போவும். சொந்த மச்சான் நம்பர்ல இருந்துதான் வந்துச்சுங்காரு பெரியவரு, அந்த மச்சானுக்கு அப்பவே போன் போட வச்சாவ, அவரு இன்ஸ்டால் பண்ணியே முடிச்சிட்டாராம், போனு ரெண்டு நாளா சூடாவுதுன்னு பேட்டரிய மாத்த போயிருக்காரு. இதே மாதிரி டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சின்னு எல்லா வேசத்துலயும் வருது.

அண்ணாச்சி அந்த மச்சானுக்கு போன்லயே சொன்னாவ, நெட்ட ஆஃப் பண்ணுங்க, வேற போன்ல இருந்து பேங்குக்கு பேசி கணக்க நிறுத்துங்க, பொறவு அந்த ஆப்ப எடுங்க, காசு ஏதாச்சும் போயிருந்தா சைபர் மோசடிக்கு புகார் சொல்ற 1930 நம்பருக்கு அடிங்கன்னு. காசு போச்சுன்னா முத கொஞ்ச நேரத்துக்குள்ள அந்த நம்பர்ல சொன்னாத்தான் அது கை மாறி மாறி போறதுக்குள்ள நடுவுல எங்கயாச்சும் நிறுத்தி வைக்க வழி இருக்கு, வெக்கப்பட்டுக்கிட்டு மறுநாள் மகன்ட்ட சொல்லி, மகன் வக்கீல்ட்ட கேட்டு, அப்படி இழுத்தா போனது போனதுதான். பெரியவரு பிரிண்டே எடுக்கல, ஆனா அஞ்சு ரூபாய நீட்டுனாரு, அண்ணாச்சி வாங்கல. அரைமணி நேரம் போச்சு, பின்னாடி நின்ன காலேஜ் பயலுவ மூணு பேரு முனங்கிட்டே கெளம்பி போயிட்டானுவ.

இனி குறைகள சொல்லுதேன், ஏன்னா அண்ணாச்சிக்கு நான் ஒண்ணும் சொந்தக்காரி இல்ல. வெல கூட. மத்த கடையில பிரிண்ட் மூணு ரூபான்னா இங்க அஞ்சு. ஸ்கேன் பத்து. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கடை கெடையாது, சாப்பிட்டு தூங்கிருவாவ, அவசரத்துக்கு போயி ஷட்டர பாத்துட்டு திரும்பிருக்கேன். கலர் பிரிண்ட் சுமார்தான், மஞ்சளடிச்ச மாதிரி மூஞ்சி வரும். உக்கார ஒரு ஸ்டூல்தான். அட்மிஷன் நேரத்துல நின்னு கால் வீங்கிரும், ஒரு ஆளுக்கு பத்து நிமிசம் எடுத்துக்கிட்டா வேற என்ன நடக்கும்? பேச்சும் ஜாஸ்தி, ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கப் போனா ஒரு வகுப்பு முடிச்சுதான் விடுவாவ, சில நாளு நானே "அண்ணாச்சி, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்"னு பொய் சொல்லி தப்பிச்சிருக்கேன்.

ஒரு தடவ உண்மையிலேயே தப்பும் நடந்துச்சு. அண்ணாச்சி தூத்துக்குடிக்கு ஒரு துட்டி வீட்டுக்கு போயிருந்தாவ, கடையில இருந்த புது பையன் "கேபிள் சேரல, என் நம்பருக்கு அனுப்புங்கக்கா"ன்னான். நானும், இவ்வளவு கேட்ட நானும், அவசரத்துல அனுப்பிட்டேன். மறுநாள் போயி அண்ணாச்சிட்ட சொன்னேன். பையன கூப்பிட்டு, அவன் போன்லயும், அவன் லிங்க் பண்ணி வச்சிருந்த கடை சிஸ்டத்துலயும் என் கண்ணு முன்னாடியே அழிக்க வச்சு, லாக் அவுட்டும் பண்ண வச்சாவ. பையன் மூஞ்சி செத்துப் போச்சு, பாவமாத்தான் இருந்துச்சு. பொறவு என் போனையும் வாங்காம, என்னையே திறக்க சொல்லி, வாட்ஸப்ல லிங்க்டு டிவைசஸ்னு ஒரு எடத்த பாக்க சொன்னாவ, நம்ம வாட்ஸப்பு வேற எந்தெந்த சிஸ்டத்துல திறந்து கெடக்குன்னு அதுல தெரியும். அதுல என் ஆபீஸ் சிஸ்டம் இருந்துச்சு, சரி. இன்னொண்ணு எப்பவோ கவுன்சிலிங் நேரத்துல ஒரு சென்டர்ல ஸ்கேன் பண்ணி திறந்தது, அது பாட்டுக்கு உயிரோட இருக்கு! ரெண்டு வருசம்! என் குடும்ப க்ரூப்பு, ஆபீஸ் மெசேஜு, மாமியார் பேங்க் பாஸ்புக் போட்டோ எல்லாம் அந்த சென்டர் கம்ப்யூட்டர்ல ஓடிட்டு இருந்திருக்கலாம். நீங்களும் இப்பவே திறந்து பாருங்க, நான் காத்திருக்கேன்.

அன்னைக்கே இன்னொண்ணும் காட்டுனாவ, சஞ்சார் சாத்தின்னு மத்திய அரசு தளம், நம்பரும் ஓடிபியும் குடுத்தா நம்ம பேர்ல எத்தன சிம்மு ஓடுதுன்னு வரும். ஒரு ஆளு பேர்ல நம்ம பக்கமெல்லாம் ஒம்பது சிம் வரைக்கும் இருக்கலாமாம். எனக்கு மூணு காட்டுச்சு, ரெண்டுதான் எனக்கு தெரியும். மூணாவது யாருதுன்னு மண்டைய ஒடச்சிட்டு இருந்தேன், வீட்டுக்காரர்ட்ட கேட்டா 2018ல மகனுக்கு டேட்டாவுக்குன்னு என் பேர்ல எடுத்து, தொலச்சதாம். சொல்லவே இல்ல. தேவையில்லன்னு அதுலயே குடுத்துட்டேன். என்னோடது இல்லன்னு குடுக்கவும் தனியா இருக்கு.

மாமியார் கதை கொஞ்சம் வேற. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நெலம் பத்திரம் முடிச்சாவ, கைரேகை எல்லாம் வச்சாச்சு. ஆதார் நம்பரும் கைரேகையும் கெடச்சா ஓடிபி இல்லாமலே ஆதார் வழி பேங்க்ல பணம் எடுக்க வழி இருக்கு, வடக்கயும் ஆந்திரா பக்கமும் பத்திரத்துல உள்ள ரேகைய அச்செடுத்து அப்படி திருடி புடிபட்டிருக்கானுவ. அண்ணாச்சி சொல்லித்தான் பயோமெட்ரிக் லாக் போட்டோம், ஆதார் தளத்துலயே இருக்கு, காசு கெடையாது, தேவைப்பட்டா திறந்துக்கலாம். அப்ப ரேசன் கடைக்கு என்ன பண்ணன்னு ஆச்சி கேட்டாவ, நியாயமான கேள்வி, பூட்டுன ரேகை மெஷின்ல ஏறாதுல்லா. கார்டுல உள்ள யாரு வேணாலும் வைக்கலாம்லா, இப்ப நான்தான் போயி வைக்கேன். அதுல ஆச்சிக்கு ஒரு வருத்தம், ரேசன் கடைக்கு போனாத்தான் நாலு பேர பாத்து பேச முடியும், அதயும் புடுங்கிட்டியளேன்னு. இப்ப எங்கூட சும்மா வாராவ, ரேகை நான், பேச்சு அவிய.

அஞ்சுக்கு நாலரை குடுக்கேன். அரை அந்த மத்தியான தூக்கத்துக்கு. போறவிய கேபிள் கையோட எடுத்துட்டு போங்க, அவியட்ட இருக்கது பழைய தலையுள்ளது, இப்ப உள்ள போனுக்கு சேராது. காலைல பத்தரைக்கு முன்னாடி போனா ஸ்டூல் கெடைக்கும்.